பாஷாணம் என்றால் எது? உலோக நஞ்சும் மருத்துவமனையின் முதல் மணி நேரங்களும்

ஓசூர்ப் பக்கமிருந்து இரவில் ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு வரும் நோயாளியின் உறவினர் எமர்ஜென்சி வாசலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "பாஷாணம் சாப்பிட்டுட்டாருங்க." அதைக் கேட்டவுடன் டியூட்டி டாக்டர் ஆர்சனிக் என்று எழுதிக்கொண்டால் சிகிச்சை முதல் வரியிலேயே தடம் மாறிவிடும். பாட்டன் காலத்தில் எலி பாஷாணம் என்றால் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் டிரையாக்சைடு. இன்று அதே பெயரில் கடையில் கிடைப்பது மஞ்சள் பாஸ்பரஸ் பசை, துத்தநாக பாஸ்பைடு பொடி, அல்லது ரத்தம் உறையவிடாமல் செய்யும் கேக். மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாள் அமைதியாக இருக்கும், மூன்றாவது நாளிலிருந்து கல்லீரலைக் குலைக்கும். துத்தநாக பாஸ்பைடின் பெயரில் உலோகம் இருந்தாலும், உயிரை எடுப்பது வயிற்றில் அது வெளிவிடும் பாஸ்பீன் வாயு. இந்த இரண்டுக்கும் உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் மருந்தால் பயனே இல்லை. ஆகவே வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணா, அந்த டியூபோ பொட்டலமோ வீட்ல இருக்கா? யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க. முடியலைன்னா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

பொருளின் பெயரைத் தமிழில் கேட்டால் தமிழிலேயே எழுதிக்கொள்வது நல்லது. சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராம்புரம் குடும்பங்களும், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வருபவர்களும் தமிழ்ப் பெயரைத்தான் சொல்வார்கள். அது கன்னடம் வழியாகச் சுற்றி ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டில் ஏறும்போது உரு மாறிவிடுகிறது. மயில் துத்தம் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் காப்பர் சல்பேட்டுக்குக் கன்னடத்திலும் ஏறக்குறைய அதே பெயர். மற்றவை அப்படியல்ல. வீரம் என்பது மெர்குரிக் குளோரைடு. தண்ணீரில் நன்றாகக் கரையும், குடலை அரித்து ஓரிரு நாளில் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். பூரம் என்பது மெர்குரஸ் குளோரைடு, அவ்வளவாகக் கரையாது. லிங்கம் பாதரச சல்பைடு, அதைவிடவும் கரையாதது. தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் சல்பைடுகள். வீரத்தைப் பூரம் என்று காதில் வாங்கினால் நோயாளியின் சிறுநீரகத்துக்கு இருக்கும் ஆபத்தையே தவறாகக் கணக்கிட்டுவிடுவோம்.

ஈயம் என்ற சொல்லும் குழப்பும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம்; நஞ்சு காரீயம். பேச்சில் இரண்டும் ஈயம்தான். மலிவாக வாங்கிய சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம் என்பதால் பாத்திரத்தையே கொண்டுவரச் சொல்லிச் சோதிக்க வேண்டும். நகைப் பட்டறையில் வேலை செய்பவர் "கேடிஎம் பொடி வச்சு ஊதினேன்" என்றால் அது காட்மியம். கேடிஎம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். இடுப்பில் ரசமணி (கட்டியாக்கிய பாதரச உருண்டை) கட்டியிருப்பவரிடம் அது ஊறிய பாலைக் குடிப்பதுண்டா என்று கேட்க வேண்டும்.

"நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். திட்டுவார்களோ என்ற பயம். "அம்மா, சர்க்கரைக்கோ மூட்டு வலிக்கோ பொடி, செந்தூரம், லேகியம்னு யாராவது கொடுத்தாங்களா?" என்று கேட்டால் பை திறக்கும். முறைப்படி செய்த மருந்தையும் தெருவில் விற்கும் பொட்டலத்தையும் ஒன்றாகப் பழித்துப் பேசுவதால் உண்மை வெளிவராது. நமக்கு வேண்டியது பொட்டலம்.

எந்த உலோகம், எந்த வடிவம், எந்த வழியாக உள்ளே போனது, எத்தனை மணி நேரம் ஆயிற்று: இந்த நான்குக்கும் விடை தேடிக்கொண்டே உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. கீலேஷன் என்று நாம் சொல்லும் மருந்துகளுக்குத் தமிழ்ப் பாடநூல் வைத்த பெயர் பொருத்தமானது: கொடுக்கிணைப்பு. நண்டு கொடுக்கால் கவ்வுவது போல உலோக அயனியைக் கவ்வி, சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியே கொண்டுபோகும். ஆனால் கவ்விய உலோகத்தை அது எங்கே கொண்டுபோய் இறக்கும் என்பதில்தான் சிக்கல். தப்பான கொடுக்கு உலோகத்தை மூளைக்கே ஏற்றிவிடும்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்? ஆர்சனிக் குடலில் தொடங்கும். சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, கழுநீர் போன்ற பேதி, சரியும் பிபி. பார்ப்பதற்குக் காலரா போலவே இருக்கும். வழக்கம்போல வாந்திக்கு ஒண்டான்செட்ரான், பேதிக்கு ஓஃப்லாக்சசின் ஏறும். இங்கேதான் விபத்து நடக்கிறது. ஆர்சனிக் தானாகவே இசிஜியில் கியூடி இடைவெளியை, அதாவது ஒரு துடிப்பில் இதயம் சுருங்கி அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை, நீட்டும். அந்த இரண்டு மருந்துகளும் அதையே செய்யும். பேதியில் பொட்டாசியமும் மக்னீசியமும் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். இந்த நிலையில் இதயத் துடிப்பு முறுக்கிக்கொண்டு நின்றால் யாரும் வியக்க வேண்டியதில்லை. ஆகவே காரணம் புரியாத கடும் பேதியில், பிபி விழுந்திருந்தால், வாந்தி ஊசிக்கு முன் ஒரு இசிஜி. கியூடி நீண்டிருந்தால் பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கு மேல் வைத்திருந்து மக்னீசியத்தையும் சரிசெய்ய வேண்டும். துடிப்பு முறுக்கினால் மக்னீசியம் சல்பேட் 2 கிராம் நரம்பு வழியாக.

இந்த நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனால் இன்னொரு முறை வருவார். ஒன்று முதல் மூன்று வாரத்தில் பாதம் எரியும், கால் தளரும், தளர்ச்சி மேலே ஏறும். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் என்று முத்திரை குத்தி, பெங்களூரின் நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு அனுப்புவார்கள். கில்லன்-பாரேயும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு வரக்கூடியது என்பதால் முந்தைய பேதியைக் கேட்டதும் எல்லாரும் திருப்தியாகிவிடுகிறார்கள். பிரித்துக் காட்டுவது வேறு: வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்திருப்பது, எரிச்சல் தளர்ச்சியைவிட முந்தியிருப்பது, நான்கு முதல் ஆறு வாரத்தில் எல்லா நகங்களிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

தாலியம் என்ற உலோக நஞ்சில் பேதியைவிட மலச்சிக்கல் அதிகம். பாதத்தில் போர்வை பட்டால்கூட அலறுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். முடி கொட்டிய பிறகு தாலியத்தை நினைப்பது எளிது; அதற்குள் சிகிச்சையின் பொன்னான நாட்கள் போய்விட்டிருக்கும். நிறமும் மணமும் சுவையும் அற்றது என்பதால் தாலியம் கொலைக்குப் பயன்படுவதுண்டு. 2021-ல் டெல்லியில் ஒரே குடும்பத்தினரின் உடலில் தாலியம் கண்டறியப்பட்ட வழக்கு நாட்டையே உலுக்கியது. ஒரே வீட்டில் இரண்டாவது ஆளுக்கும் கால் எரிச்சல் என்றால் அன்றைக்கே சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும்.

காரீயம் வயிற்றைப் பிசைந்து பிடிக்கும், மலம் போகாது, ரத்தசோகை இருக்கும். அப்பெண்டிக்ஸ் என்றோ குடல் அடைப்பு என்றோ வயிற்றைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று தைத்து அனுப்புவது இன்றும் நடக்கிறது. பழைய பேட்டரி உடைப்பவர், பெயின்ட் சுரண்டுபவர், ஈயம் உருக்குபவர் வயிற்று வலியோடு வந்தால் கத்திக்கு முன் ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பாருங்கள். சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் காரீய அளவு வரும்வரை கத்தி காத்திருக்கட்டும்.

உள்ளே போன உலோகத்தை அது குடலில் இருக்கும்போதே எடுப்பது எந்த முறிவு மருந்தையும்விட மேல். முதலில் ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே. காரீயத் துண்டு, ஆர்சனிக், பாதரசம், இரும்பு மாத்திரை ஆகியவை வெள்ளையாகத் தெரியக்கூடும். தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளில்லை. தெரிந்தால் வேலை இருக்கிறது. விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் எல்லா விஷத்துக்கும் என்ற பழக்கம் இங்கே பொய்த்துப்போகும்: காரீயத்தையும் இரும்பையும் ஆர்சனிக்கையும் அது சரியாகப் பிடிப்பதில்லை. தாலியம் விதிவிலக்கு. தாலியத்தைக் குடலில் பிடிக்கும் மருந்தான பிரஷ்யன் நீலம் கைக்கு வரும்வரை கரித்தூளைத் திரும்பத் திரும்பத் தரலாம்.

எக்ஸ்ரேயில் உலோகம் தெரிந்தால் குடலை முழுதாகக் கழுவ வேண்டும். கொலனோஸ்கோப்பிக்கு முன் தரும் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசல்தான் இதற்கும். பெரியவருக்கு மணிக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர், ஆறு முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 1 லிட்டர், ஒன்பது மாதம் முதல் ஆறு வயதுவரை அரை லிட்டர். இது தோற்கும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: நோயாளியைக் குடிக்கச் சொல்வது. மணிக்கு 2 லிட்டர் எவராலும் குடிக்க முடியாது. அரை டம்ளரில் நின்றுவிடும். மூக்கு வழியே இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போட்டு, தலையை 45 பாகை உயர்த்தி, பையில் தொங்கவிட்டு ஓடவிட வேண்டும். ஆசனவாய் வழியே தெளிந்த நீர் வந்து, எக்ஸ்ரேயும் தெளிந்த பிறகே நிறுத்துவது. குடல் அசையாமல் இருந்தால், துளை விழுந்திருந்தால், பிபி நிற்காவிட்டால், நினைவு மங்கி மூச்சுக்குழாய் காப்பின்றி இருந்தால் இதைத் தொடவே கூடாது. பிள்ளை விழுங்கிய தூண்டில் ஈயக்குண்டு இரைப்பையிலேயே ஒரு நாளாகத் தங்கியிருந்தால் அமிலம் அதைக் கரைக்கத் தொடங்கியிருக்கும். எண்டோஸ்கோப் போட்டு எடுத்துவிடுவதே சரி.

மயில் துத்தத்துக்கு இந்த வழி வேறு. அது குடலை அரிக்கும். டியூப் போட்டுக் கழுவினால் துளை விழலாம். வாந்தி நீலப் பச்சையாக வரும், அடுத்த ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும். விரலில் மாட்டிய கருவி ரத்த ஆக்சிஜன் 85 சதவீதம் என்று காட்டி, ஆக்சிஜன் வைத்தும் ஏறாமல் நின்றால், உருவிய ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால், அது மெத்தீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிய ஹீமோகுளோபின். மெத்திலீன் புளூ கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., ஐந்து நிமிடத்தில் மெதுவாக. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைபாடு உள்ளவருக்கு அதுவே சிவப்பணுக்களை மேலும் உடைக்கும், முடிந்தால் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். கொடுக்கு மருந்தான பெனிசிலமைன் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் உயிரைக் காப்பது பெரும்பாலும் ரத்தம் ஏற்றுவதும் நேரத்தோடு டயாலிசிஸ் செய்வதும்தான்.

மாதிரிகள். முறிவு மருந்தின் முதல் சொட்டு ஏறும் முன் ரத்தமும் சிறுநீரும் எடுத்தாக வேண்டும். ரத்தத்திலுள்ள காரீயத்தின் 99 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால், அணுக்கள் நீங்கிய சீரம் அனுப்புவது வீண். ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ டியூபில் முழு ரத்தம் வேண்டும். நுண் உலோகச் சோதனைக்கென்று வரும் நீல மூடி டியூப் இருந்தால் இன்னும் நல்லது. கையைத் துடைக்காமல் குத்தினால் தோலில் உள்ள தூசியே எண்ணை ஏற்றிவிடும். பேட்டரித் தொழிலாளியின் கையைச் சோப்பால் கழுவிய பிறகுதான் ஊசி. ஆர்சனிக் ரத்தத்தில் சில மணி நேரமே நிற்கும், ஆகவே அதற்குச் சிறுநீர். 24 மணி நேரச் சிறுநீர் சேரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம்; ஒரு வேளைச் சிறுநீரைக் கிரியாட்டினின் கணக்கோடு அனுப்பிவிட்டுத் தொடங்கலாம்.

எண்ணைக் கெடுக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. முந்தின மூன்று நான்கு நாளில் மீனோ இறாலோ நண்டோ சாப்பிட்டிருந்தால் மொத்த ஆர்சனிக் தாறுமாறாக ஏறிக் காட்டும். அது ஆர்சனோபீட்டைன் என்ற தீங்கற்ற வடிவம், ஆகவே வகை பிரித்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். எம்ஆர்ஐக்கு கடோலினியம் ஊசி போட்டிருந்தால் நான்கு நாள் கழித்து எடுத்த மாதிரிதான் நம்பத்தக்கது. இதைவிட மோசமானது, முதலில் கீலேஷன் மாத்திரை கொடுத்து, பிறகு சிறுநீரைச் சோதித்து, "உடம்பு முழுக்க உலோகம்" என்று காட்டும் வியாபாரம். மருந்து கொடுத்தால் யார் சிறுநீரிலும் உலோகம் வரும். அந்த எண்ணுக்கு ஒப்பிட அளவுகோலே கிடையாது. அதை நம்பிப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் கீலேஷன் செய்வது பெரும் கொடுமை.

எம்எல்சி (சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு) பதிவுக்காகச் சீல் வைத்துப் போலீசாரிடம் கொடுக்கும் மாதிரி வேறு, சிகிச்சைக்கு அனுப்பும் மாதிரி வேறு. மடிவாளா தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை நீதிமன்றத்துக்கு. அதை எதிர்பார்த்து வார்டில் யாரும் காத்திருக்கக் கூடாது.

இனி மருந்துகள். டைமர்காப்ரோல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில், லூயிசைட் என்ற ஆர்சனிக் வாயுக்கு முறிவாகப் பிறந்தது. இதை நரம்பில் ஏற்றவே கூடாது. ஆழ்ந்த தசையில் மட்டும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். கடலை எண்ணெயில் கரைத்திருப்பதால் வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டாக வேண்டும். கடும் ஆர்சனிக்கில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., நான்கு முதல் ஆறு மணிக்கொரு தடவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 180 முதல் 300 மி.கி. ஆம்பூலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வாசித்துவிட்டே உருவ வேண்டும். ஊசி போட்ட அரை மணிக்குள் பிபி ஏறும், நெஞ்சு படபடக்கும், வாயும் கண்ணும் எரியும். கொஞ்ச நேரத்தில் அடங்கும். இதை நோயாளிக்கு முன்பே சொல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு அவர் சம்மதிக்க மாட்டார். சிறுநீர் அமிலமாக இருந்தால் கவ்விய கொடுக்கு சிறுநீரகத்திலேயே விட்டுவிடும் என்பதால் சோடியம் பைகார்பனேட் கொடுத்துக் காரத்தன்மையில் வைப்பார்கள். இந்த மருந்து ஓடும் நாட்களில் இரும்பு மாத்திரையோ இரும்பு ஊசியோ கூடாது: இரண்டும் சேர்ந்த கூட்டு தனியே ஒரு நஞ்சு. ரத்தசோகையைப் பார்த்ததும் இரும்பு எழுதும் பழக்கம் நம் வார்டுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதனால் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பில் "இரும்பு கூடாது" என்று எழுதிவிடுவது நல்லது.

வாந்தி நின்று குடல் ஓடத் தொடங்கியதும் டிஎம்எஸ்ஏ, அதாவது சக்சிமர் மாத்திரைக்கு மாறலாம். கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு மூன்று வேளை ஐந்து நாள். பிறகு இரண்டு வேளை 14 நாள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பிள்ளைகள் துப்புவார்கள். காப்ஸ்யூலைப் பிரித்துப் பழக்கூழில் கலந்து கொடுக்கலாம். வெள்ளணு எண்ணிக்கையையும் கல்லீரல் நொதியையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இது எல்லா ஊரிலும் எல்லா நாளிலும் கிடைப்பதில்லை. பெனிசிலமைன், உடலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்காக எளிதாகக் கிடைப்பதால் காரீயத்துக்கும் அதையே எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. வேறு வழியில்லாதபோது சரி. முதல் தேர்வாக அல்ல. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு எச்சரிக்கை.

ஈடிடிஏ விஷயத்தில் ஒரு சொல் உயிரை எடுக்கும். காரீயத்துக்கு வேண்டியது கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ. டைசோடியம் ஈடிடிஏ என்பது வேறு மருந்து. அது ரத்தத்தின் கால்சியத்தைக் கவ்வி இதயத்தை நிறுத்திவிடும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இப்படி மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் காரீய நஞ்சுக்காகச் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை. மருந்துச் சீட்டில் "ஈடிடிஏ" என்று மட்டும் எழுதுவதை எந்த மருத்துவமனையும் அனுமதிக்கக் கூடாது. மருந்தகத்திலிருந்து வந்த குப்பியில் "கால்சியம்" என்ற சொல் இருக்கிறதா என்று இரண்டு பேர் வாய்விட்டு வாசித்த பிறகே டிரிப்பில் கலக்க வேண்டும்.

இந்த மருந்துகளின் வரிசை எங்கே உயிர் காக்கிறது என்பதைக் காரீயம் மூளையைத் தாக்கிய குழந்தையிடம் பார்க்கலாம். பேட்டரி உடைக்கும் வீட்டிலிருந்து 15 கிலோ எடையுள்ள பிள்ளை வலிப்போடு வருகிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம். வலிப்புக்கு லோராசெபாம் அல்லது மிடாசோலம். மூளை வீங்கியிருக்கும் என்பதால் முதுகில் நீர் எடுக்கக் கூடாது. சிறுநீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முதலில் டைமர்காப்ரோல்: கிலோவுக்கு 4 மி.கி. கணக்கில் 60 மி.கி., நான்கு மணிக்கொரு தடவை. முதல் ஊசியிலிருந்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் கால்சியம் ஈடிடிஏ. இந்த நான்கு மணி நேரத்தை யாரும் அவசரத்தில் சுருக்கக் கூடாது. ஈடிடிஏ தனியாக முந்திப் போனால் காரீயத்தை மூளைப் பக்கம் நகர்த்திவிடக்கூடும். அளவு, உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1,500 மி.கி.; இந்தப் பிள்ளையின் பரப்பு ஏறக்குறைய 0.65, ஆகவே 975 மி.கி. கரைசலின் அடர்த்தி 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் குறைந்தது 195 மி.லி. சலைனிலோ டெக்ஸ்ட்ரோஸிலோ கலந்து 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

இங்கே இரண்டு பக்கமும் பள்ளம். மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டிரிப்பைக் கூட்டினால் மூளை வீங்கும்; மூளைக்குப் பயந்து குறைத்தால் சிறுநீர் நிற்கும். சிறுநீரை மணிக்கு மணி அளப்பதும் கிரியாட்டினினைத் தினமும் பார்ப்பதும்தான் பாதை. ஐந்து நாள் முடிந்ததும் நிறுத்தி, இரண்டு முதல் நான்கு நாள் இடைவெளி விட்டு, எண்ணைப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு சுற்று. டைமர்காப்ரோல் கிடைக்கவில்லை என்று கைகட்டி நிற்பதும் தவறு. 2010-ல் நைஜீரியாவின் சாம்ஃபராவில் தங்கத் தாது இடித்த கிராமங்களில் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் காரீயத்தால் இறந்தபோது, அங்கே மற்றவர்களைக் காக்கக் கையில் இருந்தது வாய்வழி டிஎம்எஸ்ஏதான். வலிப்பு இல்லாத பிள்ளைக்கு உலகச் சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டி டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமில் கீலேஷன் தொடங்கச் சொல்கிறது. பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு காரீய நஞ்சுக்கான தேசிய ஆலோசனை மையம் உருவானது. டெல்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய விஷத் தகவல் மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அந்தத் தொலைபேசி எண்கள் எமர்ஜென்சி சுவரில் இருக்க வேண்டும், யாரோ ஒருவருடைய கைபேசியில் அல்ல.

தாலியத்துக்குக் கொடுக்கு மருந்துகள் வேண்டாம். பிரஷ்யன் நீலம், கிலோவுக்கு நாளொன்றுக்கு 250 மி.கி. வரை, நான்காகப் பிரித்து. தாலியம் பித்தத்தோடு குடலுக்கு வந்து மீண்டும் உறிஞ்சப்படும் சுற்றை இது அறுக்கும்: தன்னிடமுள்ள பொட்டாசியத்தைக் கொடுத்துத் தாலியத்தை வாங்கிக்கொள்ளும். 60 கிலோ ஆளுக்கு 15 கிராம் ஆகிறது, அரை கிராம் காப்ஸ்யூல் என்றால் ஒரு நாளைக்கு முப்பது. ஆகவே பிரித்துக் கரைத்து டியூபில் கொடுப்பார்கள். மலச்சிக்கல் ஏற்கெனவே இருப்பதால் 15 சதவீத மானிடாலோடு சேர்க்க வேண்டும். மலம் நகராவிட்டால் பிடித்த தாலியம் உள்ளேயே கிடக்கும். மலம் நீலமாகும், பயப்பட வேண்டாம். முதல் 24 முதல் 48 மணிக்குள் வந்த கடும் நோயாளிக்கு டயாலிசிஸும் உதவும். பொட்டாசியத்தை அள்ளிக் கொடுத்துத் தாலியத்தை விரட்டும் பழைய முறை நரம்புச் சிதைவைக் கூட்டக்கூடியது.

பாதரசத்தில் வடிவம்தான் எல்லாம். உடைந்த தெர்மாமீட்டரைப் பிள்ளை விழுங்கினால் பெற்றோர் துடிதுடித்து ஓடிவருவார்கள். அந்த உலோகப் பாதரசம் குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை; கண்ணாடித் துண்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அதே பாதரசம் தரையில் கிடந்து ஆவியானாலோ, பட்டறையில் தங்கத் தூளோடு சேர்த்துச் சூடாக்கினாலோ, மூச்சில் போவதில் 80 சதவீதம்வரை ரத்தத்தில் கலக்கும். சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், நெஞ்சடைப்பு. வீட்டில் சிந்தினால் துடைப்பம் போடாதீர்கள், வேக்குவம் வேண்டவே வேண்டாம். இரண்டும் அதைச் சிதறடித்து ஆவியாக்கும். தடித்த காகிதத்தால் ஒதுக்கி, மூடிய குப்பியில் எடுத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீரம் போன்ற உப்பைச் சாப்பிட்டவருக்கு டைமர்காப்ரோல் அல்லது கிடைத்தால் டிஎம்பிஎஸ் என்ற கொடுக்கு மருந்து, முதல் சில மணி நேரத்துக்குள். மெத்தில் பாதரசம் என்ற கரிம வடிவத்துக்கு மட்டும் டைமர்காப்ரோல் கூடாது: அது பாதரசத்தை மூளைக்குள் சேர்க்கும்.

பட்டறைப் புகையில் இன்னும் இரண்டு. கேடிஎம் ஊதியவர் மாலையில் லேசான காய்ச்சலோடு வந்து, எக்ஸ்ரே சுத்தமாக இருக்க, பாராசிட்டமாலோடு வீட்டுக்குப் போவார். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து வருவார். காட்மியப் புகை என்று தெரிந்தால் ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனும் வென்டிலேட்டரும்தான் சிகிச்சை, டைமர்காப்ரோல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆர்சனிக் கலந்த உலோகத்தில் அமிலம் பட்டால் எழும் ஆர்சின் வாயு சிவப்பணுக்களை உடைக்கும். வயிற்று வலி, மஞ்சள் தோல், சிவந்த சிறுநீர். அதற்கும் கொடுக்கு மருந்து உதவாது. ரத்தத்தை மாற்றி ஏற்றுவதுதான் வழி.

தானே சாப்பிட்டவர் என்றால் உடல் தேறியதும் மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் கிடையாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. போலீஸ் பயத்தில் குடும்பம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை என்பதைத் தமிழில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காரீயப் பிள்ளைக்கு டிஸ்சார்ஜ் தாளில் எழுத வேண்டியவை தனி. ரத்த எண் இறங்கியது எலும்பில் இருந்ததை எடுத்துவிட்டதால் அல்ல. மருந்து நின்றதும் எலும்பிலிருந்து கசிந்து மீண்டும் ஏறும். ஆகவே கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் மறுசோதனை. வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும், கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் அதே வாரத்தில் ரத்தம். டிஎம்எஸ்ஏ சாப்பிடும் பிள்ளை அதே தூசியில் தவழ்ந்தால் எண் இறங்காது. மருந்து தோற்றது என்று நினைத்து அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அப்பா வேலைத் துணியோடு வீட்டுக்குள் வரக் கூடாது. தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். பேட்டரி உருக்கிய அறையை இப்படிச் சுத்தம் செய்து முடிக்கும்வரை பிள்ளை பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருக்கட்டும். அந்த வீட்டு முகவரியையும் தாளில் வாங்கி எழுதிக்கொண்டால் மறுசோதனைக்குக் கூப்பிட முடியும்.